வானம் வெளுத்திருக்க வரும் வெள்ளம்

கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் மக்களுக்கு முல்லைப் பெரியாறு வெறும் நீரோட்டம் அன்று. கம்பத்துத் திராட்சைப் பந்தலும், உத்தமபாளையத்து நெல்வயலும், சின்னமனூர் வாழைத்தோட்டமும் அந்நீரை நம்பி வாழ்வன. தாய்மார் துணி துவைப்பதும், உழவர் மாடு கழுவுவதும், விடுமுறை நாள்களில் சிறுவர் குதித்து விளையாடுவதும் அதன் படித்துறைகளிலேதான். இத்துணை நெருக்கமான ஆற்றை நாம் சரியாக அறிந்திருக்கிறோமா என்று எவரேனும் கேட்டால், "தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வருகிற ஆறுதானே, இதில் அறிய என்ன இருக்கிறது?" என்றே விடை வரும். அந்த விடைக்குள்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

நம் முன்னோர் வானத்தைக் கொண்டு ஆற்றை அறிந்தார்கள். மலை முகட்டில் கருமேகம் திரண்டால், நீர் செந்நிறமாகக் கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், உடனே கரையேறிவிட வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தார்கள். மழையால் பெருகும் காட்டாறுகளுக்கு இன்றும் பொருந்தும் நல்லறிவு அது. ஆனால் அணையும் மின்நிலையமும் ஆளுகின்ற ஆற்றுக்கு அது மட்டும் போதாது. அங்கே வானம் வெளுத்திருக்கும், நீரும் தெளிந்திருக்கும், ஆயினும் வெள்ளம் வரும். இந்த ஓர் உண்மையை நம் குடும்பங்கள் ஒவ்வொன்றும் மனத்தில் பதித்துக்கொண்டால் எத்தனையோ உயிர்களைக் காக்கலாம்.

மலைக்கு அப்பால் மழை, இப்பால் நீர்

ஜான் பென்னிகுவிக்கின் பொறுப்பில் எழுந்த பெரியாற்று அணை 1895-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. மேற்கே அரபிக்கடலை நோக்கி ஓடிய நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பப்பட்டது. அன்று முதல் நம் ஆற்றை நிரப்பும் மழையின் பெரும்பகுதி நம் கண்முன் பெய்வதில்லை. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அப்பால் கொட்டித் தீர்க்கும் நாள்களில், மழை மறைவில் கிடக்கும் உத்தமபாளையத்தில் வெயிலும் காற்றுமே மிஞ்சும். ஆறோ கரை தொட்டு ஓடும்.

1950-களின் இறுதியில் இந்நீரிலிருந்து மின்சாரமும் எடுக்கத் தொடங்கினர். தேக்கடியிலிருந்து வரும் நீர், இரைச்சல்பாலம் அருகிலுள்ள போர்பே அணையில் சிறிது தங்கி, நான்கு இராட்சதக் குழாய்கள் வழியே மலைச்சரிவில் இறங்கி, லோயர்கேம்ப்பிலுள்ள பெரியாறு நீர்மின் நிலையத்தின் பொறிகளைச் சுழற்றுகிறது. பின்னர் அதே நீர் ஆற்றில் கலந்து, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி ஆகிய ஊர்களைக் கடந்து வைகை அணையைச் சேர்கிறது.

நீர்மின் நிலையத்துக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. நிலக்கரியை எரிக்கும் அனல் மின்நிலையத்தைத் தொடங்கி முழு வேகத்துக்குக் கொண்டுவரப் பல மணி நேரம் பிடிக்கும். நீர்ப்பொறியையோ சில நிமிடங்களில் ஓட்டவும் நிறுத்தவும் இயலும். நாட்டுக்கு இது பெரும் வசதி. ஆற்றில் இறங்கி நிற்பவனுக்கு அதுவே ஆபத்து. ஒரு கன அடி நீர் என்பது ஏறத்தாழ 28 லிட்டர். வினாடிக்கு 300 கன அடி ஓடும் ஆற்றில் வினாடிதோறும் சுமார் 8,500 லிட்டர் நீர் நம்மைக் கடந்து செல்கிறது. அது 1,000 கன அடியாக உயர்ந்தால் 28,000 லிட்டருக்கு மேல் பாயும். காலையில் பாறை மேல் அமர்ந்து துவைத்த இடம் மாலையில் கழுத்தளவு நீராகிவிடலாம்.

நீரின் வேகம் இருமடங்கானால், அது மனிதனைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. ஆகவே "முழங்கால் அளவுதானே" என்று எண்ணுவது பெரும் பிழை. விரைந்தோடும் நீர் முழங்காலுக்கு ஏறினாலே வலுவான ஆணின் கால்களையும் வாரிவிடும். இன்னொன்றும் கருதத்தக்கது. லோயர்கேம்ப்பில் கூடுதலாகத் திறந்த நீர் உத்தமபாளையத்தை எட்டச் சில மணி நேரமாகும். அங்கே ஒலிக்கும் அபாயச் சங்கு இங்கே கேட்பதில்லை. நண்பகலில் மலையடியில் நடந்த மாற்றம், பிள்ளைகள் பள்ளி விட்டு ஆற்றங்கரைக்கு வரும் வேளையில் இங்கு வந்து சேரலாம்.

இடையிடையே கட்டப்பட்ட தடுப்பணைகளும் சிறு மின்நிலையங்களும் உள்ளன. தடுப்பணைக்கு மேல்புறம் நீர் குளம்போல் அசையாது நிற்கும்; மின்பொறிக்கு நீர் இழுக்கும் வாயிலருகே அடியில் கடும் இழுப்பு இருக்கும். கீழ்ப்புறம் நீர் விழுந்து சுருண்டு, அகப்பட்டவரை வெளியே விடாமல் மீண்டும் மீண்டும் உள்ளே புரட்டும். தேர்ந்த நீச்சல்காரரும் அங்கே திறனிழப்பர். 18-ஆம் கால்வாய் போன்ற வாய்க்கால்களில், சுவர் பூசி வழுவழுப்பாக்கிய இடங்களில் தவறி விழுந்தவருக்குப் பிடிமானம் கிடைப்பதே அரிது.

இரு நாடுகள், ஒரே துயரம்

இவை வெறும் அச்சுறுத்தல் அல்ல என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகளைக் கூறலாம்.

2014-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் நாள், ஐதராபாத்திலிருந்து இமாசலப் பிரதேசத்துக்குச் சுற்றுலா சென்ற பொறியியல் கல்லூரி மாணவர்கள், மண்டி மாவட்டத்தில் பியாஸ் ஆற்றுப் பாறைகளின்மேல் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தனர். மேலே லார்ஜி நீர்மின் அணை. அன்று மின்னாக்கம் குறைக்கப்பட்டதால், பொறிகளுக்குச் செல்லாமல் தேங்கிய நீர் மதகுகள் வழியே திறந்துவிடப்பட்டது. சற்று நேரத்தில் நீர் ஏறி அவர்களைச் சூழ்ந்துகொண்டது. 24 மாணவ மாணவியரும் அவர்களுடன் சென்ற வழிகாட்டி ஒருவரும் மாண்டனர். பொறி ஓடத் தொடங்கினால் மட்டுமன்று, பொறி நின்றாலும் ஆற்றில் வெள்ளம் வரலாம் என்பது இதனால் விளங்கும். வழக்கை விசாரித்த இமாசலப் பிரதேச உயர்நீதிமன்றம் 2016-இல், மின்வாரியம் மட்டுமின்றி, மாணவரை அழைத்துச் சென்ற கல்லூரியும் மாநில அரசும் இழப்பீட்டில் பங்கேற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பிள்ளைகளை நீர்நிலைக்கு அழைத்துச் செல்பவர் எவரும் பொறுப்பிலிருந்து விலகி நிற்க இயலாது என்பதே அதன் பொருள்.

மற்றொன்று பிரான்சு நாட்டில் நடந்தது. 1995-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள், கிரெனோபிள் நகரின் கத்தோலிக்கப் பள்ளி ஒன்றைச் சேர்ந்த சிறுவர்கள், இயற்கையைக் கண்டு கற்கும் பொருட்டு திராக் என்னும் ஆற்றுப்படுகைக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். மேலேயுள்ள மின்திட்ட அணையிலிருந்து நீர் திறக்கப்பட்டது. குழந்தைகள் அறுவரும் உடன் சென்ற பெண்மணி ஒருவரும் உயிரிழந்தனர்.

இரண்டு இடங்களிலும் அணை உடையவில்லை, எந்திரமும் பழுதாகவில்லை. அணை தன் அன்றாட வேலையையே செய்தது. முல்லைப் பெரியாற்று அணையின் வலிமையைப் பற்றியும், நீர்மட்டம் 136 அடியா 142 அடியா என்பது பற்றியும் நாம் பல ஆண்டுகளாகப் பேசிக் களைத்திருக்கிறோம். 142 அடி வரை தேக்கலாம் என்று உச்சநீதிமன்றம் 2014-இல் தீர்ப்பும் வழங்கியது. ஆனால் நன்றாக இயங்கும் அணைக்குக் கீழேயும் உயிர் போகக்கூடும் என்பதைப் பற்றி நம் வீடுகளில் எத்தனை நாள் பேசியிருக்கிறோம்?

அசையாத நீரின் ஆழம்

ஓடும் நீருக்கு அஞ்சுவோரும் தேங்கிய நீருக்கு அஞ்சுவதில்லை. இராயப்பன்பட்டிக்கு அருகே, 52.5 அடி உயரமுள்ள சண்முகாநதி நீர்த்தேக்கம் உள்ளது. இத்தகைய நீர்த்தேக்கங்களின் அடித்தளம் கிணற்றைப் போலவோ ஊருணியைப் போலவோ சீரானதன்று. பழைய ஓடைகளும், மரத்தூர்களும், மண் அள்ளிய பள்ளங்களும் நீருக்கடியில் மறைந்திருக்கும். இரண்டடி ஆழத்தில் நடந்தவன் அடுத்த அடியில் இரண்டு ஆள் ஆழத்தில் அமிழ்வான். நீர் வற்றும் காலத்தில் கரையோரம் காய்ந்த தரைபோல் தோன்றும் வண்டல், மேலே ஏடு கட்டிய சேறாகவே இருக்கும். கால் வைத்தால் உள்ளே இழுக்கும்.

நம் பள்ளத்தாக்கிற்கு நீர் தரும் பெரியாற்று நீர்த்தேக்கத்திலேயே, 2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். நீர் அமைதியாகவே இருந்தது. விலங்குகளைக் காணும் ஆவலில் பயணிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தபோது படகு நிலைகுலைந்தது என்று அந்நாளில் கூறப்பட்டது. படகேறுமுன் மிதவைச் சட்டை அணிவதும், அளவுக்கு மேல் ஆள் ஏறிய படகில் ஏற மறுப்பதும் கோழைத்தனம் அன்று, அறிவுடைமை.

அணையை ஆள்வோர் கடமை

எச்சரிப்பது அணையை நடத்துவோரின் முதற்கடமை. வைகை அணையில் நல்ல வழக்கம் ஒன்று உள்ளது. நீர்மட்டம் 66 அடியை எட்டினால் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது; 69 அடியில் மூன்றாவது. முழு அளவு 71 அடி. கரையோர மக்கள் ஆயத்தமாக இதனால் நேரம் கிடைக்கிறது. 2021-ஆம் ஆண்டின் அணைகள் பாதுகாப்புச் சட்டமும், கீழ்ப்பகுதி மக்களுக்கு வெள்ள எச்சரிக்கை தரும் ஏற்பாட்டையும், நெருக்கடிக்காலச் செயல்திட்டத்தையும் பெரிய அணைகளுக்குக் கட்டாயமாக்கியுள்ளது.

எனினும் பெருவெள்ளத்துக்குத் தரும் எச்சரிக்கை, அன்றாட நீர்த்திறப்புக்கும் தேவை. "இங்கு குளிக்காதீர்" என்று மட்டும் எழுதிய பலகையை மக்கள் மதிப்பதில்லை. காரணம் தெரியாத தடையை எவர்தாம் மதிப்பர்? "மழை இல்லாவிட்டாலும் இங்கு நீர் திடீரென உயரும்" என்று எழுதினால் படித்தவன் ஒரு கணம் நிற்பான். நம் படித்துறைகள்தோறும் அத்தகைய பலகை வேண்டும் என்று ஊராட்சி, பேரூராட்சி மன்றங்களிடம் முறையாக விண்ணப்பிப்பது நம் உரிமை.

நம் வீட்டிலும் பங்கிலும்

நாம் செய்யத்தக்கன சிலவற்றை இங்கே தொகுத்துரைப்போம்.

1. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் முதல் போக நிலத்துக்கு நீர் திறக்கும் நாளையும், பின்னர் அளவு கூட்டப்படும் நாள்களையும் செய்தித்தாள்கள் அறிவிக்கின்றன. அவற்றை வீட்டில் உரக்கப் படித்துப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஞாயிறு திருப்பலிக்குப்பின் வாசிக்கும் அறிவிப்புகளிலும் அதற்கு ஓர் இடம் தரலாம்.

2. ஆற்றில் இறங்குமுன் கரையோரக் கல் ஒன்றை அடையாளமாகக் கொள்ளுங்கள். அக்கல் நனையத் தொடங்கினால் துணியையும் சோப்பையும் விட்டுவிட்டு உடனே கரையேறுங்கள். ஆற்று நடுவிலுள்ள திட்டிலோ பாறையிலோ ஒருபோதும் உட்காராதீர்கள். முதலில் துண்டிக்கப்படுவது அதுவே.

3. மறைக்கல்வி மாணவரையோ பீடச் சிறுவரையோ சுற்றுலா அழைத்துச் செல்வோர், அணையின் கீழ்ப்புறத்தைத் தவிர்க்க வேண்டும். நீரருகே சென்றால், பிள்ளைகளை எண்ணிக்கொண்டே கரையில் நிற்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

4. ஒருவர் மூழ்கக் கண்டால் பின்னால் குதிக்காதீர்கள். காப்பாற்றச் சென்ற அண்ணனும் அப்பாவும் சேர்ந்து மாண்டு, ஒரே வீட்டில் இரண்டு மூன்று பெட்டிகள் எழுந்த துயரம் நம் நாட்டில் அடிக்கடி நேர்கிறது. சேலையையோ, கயிற்றையோ, நீண்ட கழியையோ நீட்டுங்கள். மூடிய வெற்றுப் பிளாஸ்டிக் குடத்தைக் கயிற்றில் கட்டி எறிந்தால் அதுவும் மிதவையாகும்.

5. மீட்டவரைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றுவதும், வயிற்றை அமுக்கி நீரெடுக்க முயல்வதும் தீங்கானவை. பொன்னான நேரத்தை விழுங்குபவை. மூச்சில்லையெனில் உடனே மல்லாக்கக் கிடத்தி, வாயோடு வாய் வைத்து மூச்சூதி, மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்க வேண்டும். மற்றொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். ஒவ்வொரு பங்கிலும் இளைஞர் சிலரேனும் இதை முறையாகக் கற்றிருப்பது நல்லது.

முல்லைப் பெரியாறு நமக்கு அன்னம் இடுகிறது. வீட்டில் விளக்கு ஏற்றுகிறது. அதைக் கண்டு அஞ்சி ஒதுங்க வேண்டுவதில்லை. ஆனால் அதன் மதகு வேறொரு கையில் இருக்கிறது, அந்தக் கை நம்மைக் காண்பதில்லை என்பதை மறவாதிருப்போம். இன்றிரவு உணவுக்குப்பின் பிள்ளைகளை அருகில் அழைத்து இந்த ஒரு செய்தியைச் சொல்லிவிடுங்கள்: "மேகத்தை மட்டும் பார்க்காதே, தண்ணீர் திறந்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு ஆற்றுக்குப் போ."