வரைவு சென்ற வழி

போரை முடிக்கும் உடன்படிக்கையின் பெரும்பகுதி, மாநாடு கூடுவதற்கு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது. ஒரே அணியில் இருப்பவர்கள் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்பதைப் பொறுத்தே அதன் ஆயுளும் அமைகிறது.

அன்று

1950 ஜனவரியில் காமன்வெல்த் வெளியுறவு அமைச்சர்கள் கொழும்பில் கூடியபோது, இரண்டாம் உலகப் போரை முடிக்க ஜப்பானுடன் செய்யவேண்டிய சமாதான உடன்படிக்கையும் பேச்சில் இருந்தது. அதே ஆண்டு அமெரிக்க அதிபர் ட்ரூமன் அதை உருவாக்கும் பொறுப்பை ஜான் ஃபாஸ்டர் டல்லஸிடம் ஒப்படைத்தார். டல்லஸ் முதலில் 7 கோட்பாடுகளை நேச நாடுகளுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். பிறகு தாமே புறப்பட்டார். 1951 தொடக்கத்தில் டோக்கியோ, மணிலா, கான்பெரா, வெலிங்டன்; ஜூனில் லண்டன், பாரிஸ்.

அந்தப் பயணங்கள் வரைவை மாற்றின. ஜப்பான் மீண்டும் ஆயுதம் ஏந்துமோ என்று ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அஞ்சின. அந்த அச்சத்துக்குப் பதிலாக, 1951 செப்டம்பர் 1 அன்று அமெரிக்காவோடு 'ஆன்சஸ்' பாதுகாப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. இழப்பீடே வேண்டாம் என்ற அமெரிக்க எண்ணத்தைப் போரில் சிதைந்த பிலிப்பைன்ஸ் ஏற்கவில்லை. அதனால் இழப்பீடு பற்றிப் பேச உடன்படிக்கையின் 14ஆம் பிரிவு வழி விட்டது. செப்டம்பர் 8இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பானையும் சேர்த்து 49 நாடுகள் கையொப்பமிட்டன. கேட்கும் உரிமையிருந்தும் இழப்பீடு கோரமாட்டோம் என்று அங்கே அறிவித்தவர் இலங்கையின் ஜே.ஆர். ஜயவர்த்தன.

ஆனால் அந்தக் கலந்தாலோசனை முழுமையானதல்ல. எந்தச் சீன அரசை அழைப்பது என்பதில் அமெரிக்காவும் பிரிட்டனும் உடன்படாததால், இரண்டையுமே விட்டுவிட்டார்கள். கொரியாவுக்கும் இடமில்லை. இந்தியா மாநாட்டுக்கு வர மறுத்து, 1952இல் தனி உடன்படிக்கை செய்துகொண்டது. சோவியத் ஒன்றியம் வந்தும் கையெழுத்திடவில்லை. குரில் தீவுத் தகராறு தீராமல், ரஷ்யாவுக்கும் ஜப்பானுக்கும் இடையே இன்றுவரை சமாதான உடன்படிக்கை இல்லை.

இன்று

உக்ரைன் போரை முடிக்கும் முயற்சியில் இந்த வரிசையே தலைகீழானது. 2025 பிப்ரவரி 18 அன்று ரியாத்தில் அமெரிக்காவும் ரஷ்யாவும் பேசியபோது, உக்ரைனுக்கும் ஐரோப்பாவுக்கும் அங்கே நாற்காலி இல்லை. ஆகஸ்ட் 15இல் டிரம்ப்பும் புடினும் அலாஸ்காவில் சந்திப்பதற்கு இரண்டு நாள் முன்பு, ஐரோப்பியத் தலைவர்கள் காணொளியில் தங்கள் கவலைகளை டிரம்ப்பிடம் சொன்னார்கள். சந்திப்பு முடிந்த மூன்றாம் நாளே ஜெலென்ஸ்கியோடு மக்ரோன், மெர்ஸ், ஸ்டார்மர், மெலோனி எல்லோரும் வாஷிங்டனில் இருந்தார்கள். நவம்பரில் அமெரிக்காவின் 28 அம்சத் திட்டம் வெளிவந்தபோதும், அதைத் திருத்த உக்ரைனும் ஐரோப்பியரும் ஜெனிவாவுக்கு விரைய வேண்டியிருந்தது.

அன்று வரைவு கூட்டாளிகளின் தலைநகரங்களுக்குச் சென்றது. இன்று கூட்டாளிகள் வரைவின் பின்னால் ஓடுகிறார்கள். தொலைபேசியும் காணொளியும் வேகத்தைத் தந்திருக்கின்றன. ஒரு நாட்டின் அச்சத்தைக் கேட்டு, அதற்கேற்ப ஒரு பிரிவை மாற்றி எழுதும் பொறுமையை அவை தரவில்லை.

உக்ரைனில் அமைதி வரவேண்டும், அது நிலைக்கவும் வேண்டும். அதற்கு வரைவு முதலில் கீவுக்கும், ரஷ்ய எல்லையோரம் வாழும் நாடுகளின் தலைநகரங்களுக்கும் செல்லட்டும். கையெழுத்து சில மாதம் தாமதமானால் தாங்கிக்கொள்ளலாம். கேட்காமல் விட்ட குரலுக்கு எழுபது ஆண்டுகளுக்கு மேல் விலை கொடுக்க நேரிடும் என்பதை 1951 காட்டியிருக்கிறது.