பெயருள் நின்ற குன்றம்

கம்மாபுரத்துப் பள்ளியொன்றில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டைப் படிக்கின்றார் என்று கொள்வோம். 'பழமலை' என்றதும் ஒருவன் எழுகின்றான். 'விருத்தகிரி' என்றதும் மற்றொருவன். 'விருத்தாசலம்' என்றதும் மூன்றாமவன். மூவரும் தாங்கி நிற்பது ஒரே பெயர் என்பதை அவர்களுள் எவரேனும் அறிவரோ?

அவ்வூர்க்கு அணித்தே மணிமுத்தாற்றின் கரையில் உள்ளது விருத்தாசலம். தேவாரம் பாடிய மூவரும் அதனை முதுகுன்றம் என்றே வழங்கினர். முதுமை வாய்ந்த குன்று என்பது பொருள். அங்குக் கோயில் கொண்ட இறைவன் பழமலைநாதர். பிற்காலத்தார் இப்பெயரை வடமொழியில் பெயர்த்தனர். 'விருத்தம்' என்பது முதிர்ந்தது. 'சலம்' என்பது அசைவது. அகரம் முன்வந்து அதனை மறுக்க, 'அசலம்' அசையாத மலையைக் குறித்தது. இரண்டும் புணர்ந்து விருத்தாசலம் ஆயிற்று. அருணாசலம், வேங்கடாசலம் என்பனவும் இவ்வாறு அமைந்தவையே. இடையில் 'ச்' தோன்றுதற்கு இடமில்லை. ஆயினும் விருத்தாச்சலம் என்று எழுதுவோரே மிகுதி. அப்பெயர் உடையாரும் அவ்வாறு எழுதுதல் வியப்பே! 'கிரி' என்பதும் மலையாதலின், விருத்தகிரி என்ற வடிவமும் எழுந்தது. இறைவன் பெயரை மைந்தர்க்கு இடும் வழக்கத்தால் மூன்றும் ஆட்பெயர் ஆயின. உயர்ந்த மலை எதனையும் இன்று அவ்வூரில் காணோம். அது மண்ணுள் அழுந்திற்று என்பர். பெயரில் மட்டும் அது அழுந்தாமல் நிற்கின்றது.

மூப்பைக் குறிக்கும் சொல்லை ஆண்மகனுக்குப் பெயராக இடுதல் நம் நாட்டிற்கே உரியதன்று. இத்தாலியைச் சேர்ந்த சிசிலித் தீவில் 'கலோஜெரோ' என்பது பலர்க்கும் இடும் பெயர். கிரேக்க மொழியில் 'கலோஸ்' நல்லது, 'கெரோன்' முதியவன். நல்ல முதியவர் என்னும் இத்தொடர் துறவியைக் குறித்தது. ஷாக்கா என்னும் ஊரை அடுத்த குரோனியோ மலையில் தவம் புரிந்த துறவி ஒருவரை மக்கள் இப்பெயரால் போற்றினர். அவர் பெயரைப் பிள்ளைகட்கும் இட்டனர். கிரேக்கம் பேசிய அத்தீவில் பின்னர் அராபியரும் நார்மானியரும் ஆண்டனர். மக்கள் மொழி மாறிற்று. கிரேக்கப் பெயரோ மாறவில்லை. பொருள் அறியாமலே தாயர் இன்றும் தம் குழந்தையை 'நல்ல முதியவரே' என்று அழைக்கின்றனர்!

நம் நாட்டில் இதனினும் சுவையான ஒன்று உண்டு. 1906-ஆம் ஆண்டு கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த குழந்தை ஒன்றிற்கு விருத்தாசலம் என்று பெயரிட்டனர். சிறுகதை எழுதப் புகுந்த காலத்து அவர் தமக்கெனப் புனைபெயர் ஒன்று பூண்டார். அப்பெயர் புதுமைப்பித்தன்.