பொதி சுமப்பதற்கும் பயிற்சி வேண்டும்

பொதியொன்றைத் தூக்கி வாகனத்தில் ஏற்றவும், வீட்டு வாசலில் இறக்கிக் கொடுக்கவும் என்ன பயிற்சி வேண்டும் என்று நாம் நினைப்பதுண்டு. உடம்பில் பலமும் வாகனம் ஓட்டத் தெரிந்த கையும் இருந்தால் போதும் என்பது பலரின் எண்ணம். ஆனால் பொதி விநியோகத்தில் உலகின் மிகப் பெரிய கம்பனிகளுள் ஒன்று, புதிய சாரதிகளுக்கு இவற்றைக் கற்பிப்பதற்கென்றே தனியான பயிற்சி நிலையங்களை நடத்துகிறது. காணியை விட்டு வந்து எமது பிள்ளைகளுக்கு வேறு தொழில் தேடும் நாம், அப்பயிற்சி எப்படி நடைபெறுகிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது.

340 முறைகள்

யூ.பி.எஸ். எனப்படும் யுனைட்டட் பார்சல் சேர்விஸ் கம்பனியின் தொடக்கம் 1907ஆம் ஆண்டிலாகும். ஐக்கிய அமெரிக்காவின் சியாற்றில் நகரில் ஜேம்ஸ் கேசி என்னும் 19 வயது இளைஞர், கடனாகப் பெற்ற 100 டொலருடன் அதனை ஆரம்பித்தார். அன்று கால்நடையாகவும் துவிச்சக்கர வண்டியிலும் செய்திகளையும் சிறு பொதிகளையும் கொண்டு சென்றார்கள்.

கம்பனி வளர வளர, சாரதியின் ஒவ்வொரு அசைவும் நேரம் பார்த்து அளக்கப்பட்டது. அவற்றிலிருந்து 340 வேலைமுறைகள் வகுக்கப்பட்டன. ஒரு கையால் ஆசனப்பட்டியைப் பூட்டும்போதே மறு கையால் இயந்திரத்தை இயக்குவது, சாவியைத் தேடி நேரம் போகாதபடி விரலில் மாட்டிக்கொள்வது என்பன இவ்வாறானவை. ஓரிடத்தில் மிச்சமாகும் சில வினாடிகள், நாளொன்றுக்கு நூற்றுக்கு மேற்பட்ட வாசல்களுக்குச் செல்லும் ஒருவருக்குப் பெரிய நேரமாகிவிடும்.

செய்து பார்த்துக் கற்றல்

நீண்டகாலமாக இம்முறைகள் வகுப்பறையில் விரிவுரையாகவே கற்பிக்கப்பட்டு வந்தன. ஆனால் 2000ஆம் ஆண்டுக்குப் பின் வேலைக்குச் சேர்ந்த இளைஞர்களுக்கு இது போதவில்லை. வேலையில் தேர்ச்சி பெற அவர்களுக்குக் கூடுதலான காலம் எடுத்தது. எனவே 2007இல் மேரிலன்ட் மாநிலத்தின் லான்டோவர் என்னுமிடத்தில் புதுவிதமான பயிற்சி நிலையமொன்று திறக்கப்பட்டது. முதலில் சொல்லிக் கொடுத்து, பின்பு செய்து காட்டி, அதன்பின் பயிலுபவரையே செய்ய விடுவது அங்குள்ள ஒழுங்கு.

அங்கு வழுக்கும் தளமொன்று உண்டு. பயிலுபவர் விழுந்து அடிபடாதபடி உடலில் பட்டி கட்டி, கையில் பொதியுடன் அதன்மேல் நடக்க விடுகிறார்கள். கால் வழுக்கும்போதுதான் அடியை எப்படி எடுத்து வைக்கவேண்டும் என்பது உடம்புக்கே விளங்குகிறது. வாகனத்திலிருந்து குதிப்பவரின் கால்களில் எவ்வளவு தாக்கம் விழுகிறது என்பதைக் கருவியொன்று அளந்து காட்டுகிறது. அடுத்ததாகக் கைபிடியைப் பற்றிப் படியில் இறங்கச் செய்கிறார்கள். இரண்டு அளவுகளையும் பார்த்தவருக்கு மேலும் விளக்கம் தேவையில்லை.

பொதி தூக்குவதும் இவ்வாறே கற்பிக்கப்படுகிறது. இக்கம்பனியில் ஒரு பொதி 150 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 68 கிலோ வரை இருக்கலாம். பொதிக்கு அருகில் நின்று, கால்களைச் சற்று அகற்றி, முழங்காலை மடக்கி, உடலோடு அணைத்துத் தூக்கவேண்டும். திரும்பும்போது பாதங்களை நகர்த்தவேண்டும், இடுப்பை முறுக்கக்கூடாது. பாரம் கூடினால் இன்னொருவரை உதவிக்கு அழைக்கவேண்டும். மூடை தூக்கும் எமக்கும் இவை பொருந்தும்.

வீதியில் கண் செல்லும் விதத்துக்கும் ஐந்து பழக்கங்கள் உண்டு. ஹரோல்ட் ஸ்மித் என்பவர் 1952இல் ஆரம்பித்த சாரதிப் பயிற்சி முறையிலிருந்து வந்த இவற்றை மனனமாகச் சொல்லப் பழக்குகிறார்கள்:

1. தூரத்தே பார்.
2. சுற்றுப்புறம் முழுவதையும் கவனி.
3. கண்களை ஓரிடத்தில் நிறுத்தாதே.
4. விலகிச் செல்ல இடம் வைத்துக்கொள்.
5. மற்றவர் உன்னைக் காண்கிறாரா என்பதை உறுதி செய்.

அமெரிக்காவில் வாகனங்கள் வலப்பக்கமாகச் செல்வதால், இடப்புறம் திரும்புபவர் எதிரே வரும் வாகனங்களைக் குறுக்கிட நேரிடும். ஆகவே இயன்றவரை இடப்புறத் திருப்பங்களைத் தவிர்த்தே இக்கம்பனி பாதைகளை அமைக்கிறது. இடப்பக்கமாக ஓட்டும் எமது நாட்டில் இந்த ஆபத்து வலப்புறத் திருப்பத்திலேயே உண்டு.

2017இலிருந்து, கண்ணில் அணியும் கருவி மூலம் வீதியின் ஆபத்துகளை நேரில் போலக் காட்டியும் பயிற்றத் தொடங்கினார்கள்.

பயிற்சியால் தீராதவை

பயிற்சி கம்பனிக்கும் இலாபம், தொழிலாளிக்கும் பாதுகாப்பு. எனினும் எல்லாக் குறைகளும் பயிற்சியால் தீர்ந்துவிடுவதில்லை. எவ்வளவு திறமையாகப் பொதி தூக்கினாலும், வெயிலில் காயும் வாகனத்தின் வெப்பம் குறையாது. அதற்குத் தொழிலாளர் ஒன்றுசேரவேண்டியிருந்தது. 2023இல் டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கம் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பின்னரே, 2024 ஜனவரிக்குப் பின் வாங்கும் விநியோக வாகனங்களில் குளிரூட்டி பொருத்தக் கம்பனி இணங்கியது. ஆகவே தொழிலைக் கற்பதோடு உரிமையைக் கேட்கவும் கற்கவேண்டும்.

நாம் கேட்கவேண்டியவை

உழவையும் நாற்று நடுகையையும் நாம் எவரது விரிவுரையிலும் கற்கவில்லை. மூத்தவர் செய்வதைப் பார்த்து, கூடவே செய்து, பிழைத்தபோது திருத்தப்பட்டுக் கற்றோம். அதே வழியை ஒரு பெரிய கம்பனி செலவு செய்து திரும்பக் கண்டிருக்கிறது. புதிய தொழிலிலும் இவ்வாறு கற்கும் வாய்ப்பைக் கேட்க நாம் கூச்சப்படவேண்டியதில்லை. களஞ்சியத்திலோ, லொறியிலோ, கடையிலோ எமது பிள்ளைகள் வேலைக்குச் சேருமுன் சில கேள்விகளைக் கேட்கவேண்டும்:

வேலையைச் செய்து காட்டுபவர் யார்? அதனைப் பழகிக்கொள்ள எத்தனை நாள் தரப்படும்? அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா? பாரம் தூக்குவதற்கு வண்டியோ துணையாளோ உண்டா? காயம் ஏற்பட்டால் பொறுப்பு யாருடையது?

இறுதிக் கேள்விக்கு இலங்கையில் சட்டமே உண்டு. வேலை செய்யும்போது அவ்வேலையின் காரணமாக விபத்தில் காயமடைபவருக்கு நட்டஈடு பெற வழிசெய்யும் சட்டம் 1934இல் இயற்றப்பட்டது. எமது பிள்ளைகளின் முதுகும் முழங்காலும் அவர்கள் காலமெல்லாம் உழைக்கவேண்டிய முதல். முதல் நாளிலேயே அதனைக் காக்கப் பழகுவது நல்லது.