ஏழு பூதம், இருபத்தொரு மோதல்

ஜொகூர் பாருவில் நாலு பேர் சேர்ந்து, பூதங்களை ஏவிச் சண்டையிடும் மேசை விளையாட்டு ஒன்றை வடிவமைக்க உட்கார்ந்தால், முதல் தகராறு எண்ணிக்கையில்தான் வரும். தமிழருக்கு 5: நிலம், நீர், தீ, காற்று, வெளி. சீனருக்கும் 5, ஆனால் காற்றும் வெளியும் கிடையாது, மரமும் உலோகமும் உண்டு. மலாய் மரபில் 4: மண், நீர், தீ, காற்று. கூட்டினால் 14, திரும்ப வருவதைத் தள்ளினால் 7.

ஏழு அதிகமா? பூதம் கூடக் கூட விதிகள் இன்னும் வேகமாகக் கூடும். எது எதை வெல்லும் என்று முடிவு செய்ய வேண்டிய இணைகள் 4 பூதத்துக்கு 6, 5க்கு 10, 7க்கு 21. போக்கிமான் 1996இல் 15 வகைகளோடு தொடங்கி 2013இல் 18ஐத் தொட்டது. அதன் தாக்குதல் அட்டவணையில் 324 கட்டங்கள். கணினி அதைச் சுமக்கும், டீ குடித்துக்கொண்டே ஆடுகிற மனிதன் சுமக்கமாட்டான். 1974இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், தன் 2014 பதிப்பில் 13 வகைச் சேதங்களை வைத்தது. ஆனால் அவற்றை ஒன்றோடொன்று மோதவிடவில்லை. எந்த அரக்கனுக்கு எது பாதி, எது இரட்டிப்பு என்று அந்தந்த அரக்கனின் குறிப்பிலேயே எழுதிவிட்டது. கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் பூதங்களுக்குள் பகை இல்லாமல் போய்விடுகிறது.

இரட்டைப்படை ஆகாது. நான்கு பூதம் என்றால் ஒவ்வொன்றுக்கும் எதிரிகள் 3. இரண்டை வென்று ஒன்றிடம் தோற்கும், அல்லது மாறி. சமநிலை வராது. ஏழில் ஒவ்வொன்றும் 3ஐ வெல்லும், 3இடம் தோற்கும். இருவர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் ஒரே பூதம் வர வாய்ப்பு ஏழில் ஒன்று. ஐந்தில் அது 20 சதவீதம்.

இருபத்தொரு விதியையும் ஒரே விதியாக்கலாம். வட்டமாக எழுதுங்கள்: தீ, உலோகம், மரம், நிலம், வெளி, நீர், காற்று. ஒவ்வொன்றும் தனக்கு அடுத்த 1ஆம், 2ஆம், 4ஆம் இடத்தில் இருப்பதை வெல்லும். சீனரின் வெல்லும் சுழற்சி (மரம் நிலத்தை, நிலம் நீரை, நீர் தீயை, தீ உலோகத்தை, உலோகம் மரத்தை) இதில் அப்படியே நிற்கிறது. மற்றவையும் ஜொகூரில் வாழ்பவருக்குப் புரியும். தீ வெளியை வெல்வது புகைமூட்டக் காலத்தில் தெரிந்த கதை. நிலம் வெளியை மறைப்பதற்கு 1,276 மீட்டர் லேடாங் மலை. காற்று உலோகத்தை வெல்வதை நீரிணையோர வீடுகளின் துருப்பிடித்த கிரில் சொல்லும். இந்த அடுக்குக்கு இன்னொரு குணம்: எந்த இரண்டு பூதம் கூட்டுச் சேர்ந்தாலும் இரண்டையும் அடக்கக்கூடியது சரியாக ஒன்று உண்டு. தீயும் நீரும் சேர்ந்தால் நிலம். தீயும் காற்றும் சேர்ந்தால் நீர். ஏழுக்குக் குறைந்தால் இது நடக்காது. எனக்கு ஏழின் மேல் ஆசை வந்தது இதனால்தான்.

அடுத்து சேதம். வீரனுக்கு உயிர்ப்புள்ளி 20, அடிக்கு இரண்டு பகடை, சராசரி 7. சராசரிக் கணக்கில் சாதாரண அடி 3 போதும். இரட்டிப்பாக்கினால் 2. பாதியாக்கி, பின்னத்தைத் தள்ளினால் சராசரி 3.5 அல்ல, 3.25, அடிகள் 7. தோற்கும் பூதத்தைக் கையில் வைத்திருப்பவன் கொட்டாவி விடுவான். பெருக்கலை விட்டு, 3 கூட்டல் அல்லது 3 கழித்தல் என்று வைத்தால் அடிகள் 2, 3, 5. சுற்றுக்கு 3 நிமிடம் என்றால், மோசமான சண்டை 21 நிமிடத்திலிருந்து 15க்கு இறங்குகிறது.

கடைசியில் காகிதம். பூதத்துக்கு 7 சீட்டு, ஆக 49. ஆளுக்கொரு வட்டப்படம், 4. எந்தப் பூதமாகவும் மாறும் சீட்டு 1. மொத்தம் 54. சீட்டு அளவு 63க்கு 88 மில்லிமீட்டர் என்றால் ஒரு ஏ4 தாளில் 9 அடங்கும். 54க்கு 6 தாள், மிச்சமே இல்லை. இரு பக்கமும் அச்சடித்தால் 12 பக்கம். ஐந்தாவது ஆள் ஆட வந்தால் அவருக்கு ஒரு வட்டப்படம் வேண்டும்; அந்த ஒரு சீட்டுக்காக ஏழாவது தாள் போகும்.