கிராண்ட் பிரேயின் மரத் தேவாலயம்

பழமையான வழிபாட்டிடம் என்றவுடன் வானளாவிய கோபுரமும் வேலைப்பாடு மிக்க கற்றூண்களும் நம் நினைவுக்கு வருகின்றன. காலத்தை வென்று நிற்பது கல்லே என்பது பொதுவான எண்ணம். ஆயினும், கனடா நாட்டின் கிழக்குக் கரையில், நோவா ஸ்கோஷியா மாநிலத்தின் கிராண்ட் பிரே என்னும் சிற்றூரில், மரப்பலகைகளால் ஆன எளிய தேவாலயம் ஒன்று இருநூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. ‘உடன்படிக்கையாளர் தேவாலயம்’ என்பது அதன் பெயர். 1976ஆம் ஆண்டு அது கனடாவின் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. சிற்பமோ பொன்வேலையோ இல்லாத ஒரு சிறிய கட்டடத்துக்கு இச்சிறப்பு வாய்த்தது ஏன் என்பது ஆராயத்தக்கது.

பெயரும் நெறியும்

கிறித்தவத் திருச்சபைப் பிரிவுகளுள் ஒன்று பிரெஸ்பிட்டேரியன் சபை. ‘மூப்பர்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் தோன்றியது. பேராயரின் ஆட்சிக்கு உட்படாமல், மூப்பர்களும் போதகர்களும் கூடிச் சபையை நடத்துவது இதன் நெறி. ஸ்காட்லாந்தில் இந்நெறி ஆழமாக வேரூன்றியது. மன்னர் முதலாம் சார்லஸ் அந்நாட்டின் வழிபாட்டு முறையை மாற்ற முயன்றார். அதனை எதிர்த்து 1638ஆம் ஆண்டு மக்கள் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். அவர்களே உடன்படிக்கையாளர் எனப்பட்டனர். கிராண்ட் பிரே தேவாலயத்தின் பெயர் அவர்களை நினைவூட்டுகிறது. மாநிலத்தின் பெயரும் ‘புதிய ஸ்காட்லாந்து’ எனப் பொருள்படும் இலத்தீன் தொடரேயாகும்.

எளிமையின் பொருள்

இத்தேவாலயம் 1804ஆம் ஆண்டு முதல் 1811ஆம் ஆண்டு வரையிலான காலத்தில் கட்டப்பட்டது. கோபுரமும் அதன்மேல் அமைந்த கூர்முடியும் 1818இல் சேர்க்கப்பட்டன. காடு சூழ்ந்த நிலப்பகுதியில் மரம் எளிதாகக் கிடைத்தது. அதனைக் கையாளும் தச்சுத்தொழிலையும் குடியேறிய மக்கள் அறிந்திருந்தனர். ஆகவே, மரமே கட்டுமானப் பொருளாயிற்று.

உள்ளே நுழைவோரின் பார்வை முதலில் உயர்ந்த அருளுரை மேடையின்மீது படியும். பலிபீடமன்று, இறைச்சொல்லை எடுத்துரைக்கும் மேடையே வழிபாட்டின் நடுவிடம் என்னும் கொள்கையை இவ்வமைப்புப் புலப்படுத்துகிறது. மேடைக்கு மேலே ஓர் ஒலிப்பலகை அமைந்துள்ளது. ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தில், போதகரின் குரல் மேலெழுந்து கூரையில் சிதறாமல் மக்களை நோக்கித் திரும்புவதற்கு அது துணைநின்றது. இருக்கைகள் பெட்டிபோல் நாற்புறமும் அடைக்கப்பட்டுச் சிறு கதவுகளோடு உள்ளன. குளிர்மிகு நாட்டில், குடும்பத்தினர் காற்றின் தாக்குதலின்றி ஒருங்கே அமர இத்தகைய இருக்கைகள் உதவின. இவ்வாறு, எளிமையாகத் தோன்றும் ஒவ்வோர் உறுப்பும் ஒரு கொள்கைக்கோ தேவைக்கோ விடையாக அமைந்துள்ளது.

மண் சொல்லும் வரலாறு

‘கிராண்ட் பிரே’ என்பது பிரெஞ்சு மொழித் தொடர். ‘பெரும் புல்வெளி’ என்பது அதன் பொருள். மிக்மா பழங்குடியினரின் தாயகமான இப்பகுதியில், 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அக்கேடியர் எனப்படும் பிரெஞ்சு மொழியினர் குடியேறினர். உலகிலேயே மிகவுயர்ந்த கடல் ஓதங்கள் எழும் ஃபண்டி விரிகுடாவை ஒட்டியது இந்நிலம். அக்கேடியர் மண்கரைகளை எழுப்பிக் கடல்நீரைத் தடுத்தனர். கரைகளினூடே மரக்குழாய்களைப் பதித்து, மழைநீர் வெளியேறவும் கடல்நீர் உட்புகாதிருக்கவும் தாமே மூடிக்கொள்ளும் அடைப்புகளை அமைத்தனர். உவர்நிலம் விளைநிலமாயிற்று.

1755ஆம் ஆண்டு ஆங்கிலேயப் படையினர் அவ்வூர் ஆடவரை அவர்களுடைய தேவாலயத்துக்கே வரவழைத்து, நாடுகடத்தும் ஆணையைப் படித்துக்காட்டினர். அவ்வட்டாரத்திலிருந்து மட்டும் ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் கப்பல்களில் ஏற்றி அனுப்பப்பட்டனர். 1760இல் நியூ இங்கிலாந்திலிருந்து வந்த புதிய குடியேறிகள் அவர்கள் விட்டுச்சென்ற வயல்களைப் பெற்றனர். உடன்படிக்கையாளர் தேவாலயம் இப்புதிய குடியேற்றத்தின் விளைவாகும். சமய உரிமைக்காகப் போராடியோரின் பெயரைத் தாங்கிய கட்டடம், வேறொரு மக்கள் வெளியேற்றப்பட்ட மண்ணில் எழுந்தது. அக்கேடியரின் பழைய தேவாலயம் இன்று இல்லை. அவர்களின் நினைவாக 1922ஆம் ஆண்டு கிராண்ட் பிரேயில் ஒரு நினைவுத் தேவாலயம் எழுப்பப்பட்டது. இரு கட்டடங்களையும் சேர்த்துக் காண்போர்க்கே அவ்வூரின் வரலாறு முழுமையாக விளங்கும்.

காப்பவர் யார்?

மரக்கட்டடத்தின் முதற்பகை ஈரம். கூரையில் தோன்றும் சிறு கசிவும் சில ஆண்டுகளில் உத்திரத்தை உளுக்கச் செய்யும். வண்ணப்பூச்சு அழகுக்காக மட்டுமன்று. அது பலகையைக் காக்கும் கவசமுமாகும். மட்கிய பலகையை நீக்கி, அதே அளவிலும் வடிவிலும் புதியதைப் பொருத்தும் பணி தலைமுறைதோறும் தொடர வேண்டும். அவ்வாறு மாற்றினால் பழமை கெடாதோ எனச் சிலர் ஐயுறலாம். ஒவ்வொரு பலகையும் பழையதாக இருப்பது மட்டுமே மரபன்று; கட்டடத்தின் அமைப்பும் அதனை உருவாக்கிய கைத்திறனும் வழிவழியாகக் கையளிக்கப்படுவதும் மரபேயாகும்.

1925ஆம் ஆண்டு கனடாவின் பிரெஸ்பிட்டேரியன் சபைகளுட் பெரும்பகுதி பிற சபைகளோடு இணைந்து கனடா ஐக்கியத் திருச்சபை உருவாயிற்று. இத்தேவாலயமும் அதனுள் அடங்கியது. இன்று ஊர்ப்புறங்களில் மக்கள்தொகை குறையும்போது வழிபடுவோரும் குறைகின்றனர். பல சிறு தேவாலயங்கள் மூடப்படுகின்றன. தேசிய வரலாற்றுச் சின்னம் என்னும் அறிவிப்பு மதிப்பைத் தருமேயன்றி, சபைக்குரிய கட்டடத்தைப் பழுதுபார்க்கும் கடமையை எவர்மீதும் சட்டப்படி சுமத்துவதில்லை. ஆகவே, ஏணியில் ஏறிக் கூரையைப் பார்ப்பதற்கும் பெயர்ந்த பலகையைப் பொருத்துவதற்கும் ஊர்மக்களே முன்வர வேண்டியுள்ளது. கல்லைப்போலத் தானே நிற்கும் ஆற்றல் மரத்துக்குக் குறைவு. இருநூறு ஆண்டுகளாக இம்மரத் தேவாலயம் நிற்பதற்குக் காரணம், ஒவ்வொரு தலைமுறையிலும் அதனைத் தமது பொறுப்பாகக் கருதியவர் சிலரேனும் இருந்தமையே ஆகும்.