பிஸ்ரனுக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு காலத்திலே ஒஸ்ரின் கேம்பிறிஜ், மொறிஸ் மைனர் முதலிய ஆங்கில நாட்டு மோட்டார் வண்டிகள் தெருவெங்கும் ஓடியமை பெரியோர் அறிந்ததே. அவற்றுட் சில இன்றும் ஆங்காங்கே ஓடுகின்றன. உற்பத்தி நின்று அரை நூற்றாண்டு கழிந்த பின்னரும் இவை எவ்வாறு உயிர் தரித்திருக்கின்றன? பழுதான உறுப்பின் இடத்தில் வேறோர் எஞ்சினின் உறுப்பை அளந்து பொருத்தும் நம் திருத்துநரின் அறிவே இதற்குப் பெரும் காரணம்.

இவ்வறிவின் அருமை 1990 ஆம் ஆண்டிற்குப் பின்னர் நன்கு புலப்பட்டது. அவ்வாண்டு போர் மீண்டும் மூண்டபின் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், உதிரிப்பாகங்கள் யாவும் அரியனவாயின. சில துளி பெற்றோலை ஊட்டி எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினர் நம்மவர். பிரசவ வேதனையில் துடிப்பவளை மருத்துவமனை சேர்ப்பதற்கும் அத்தகைய வண்டியே துணை. தேய்ந்த பாகத்துக்குப் புதியது கிடையாதவிடத்து, வேறொரு வண்டியிற் கழற்றியதையே நாடவேண்டியிருந்தது.

ஆயின், ஒன்றின் பிஸ்ரன் மற்றொன்றுக்குப் பொருந்துமா? திருமணத்திற்குப் போலவே இதற்கும் பொருத்தங்கள் சில உண்டு.

முதலாவது விட்டம். 1957 இல் வெளிவந்த ஒஸ்ரின் ஏ 55 கேம்பிறிஜின் எஞ்சின் 1489 கன சென்ரிமீற்றர் கொள்ளளவு உடையது. சிலிண்டரின் உள்விட்டம் 73.025 மில்லிமீற்றர். இந்தியாவின் அம்பாசடர் காரில் நெடுங்காலம் இருந்ததும் இதே குடும்பத்து 1489 எஞ்சினே. வண்டியின் பெயர் வேறு, விட்டம் ஒன்று. 1961 இல் வந்த ஏ 60 கேம்பிறிஜோ 1622 கன சென்ரிமீற்றர் உடையது. அதன் விட்டம் 76.2 மில்லிமீற்றர். இரண்டிலும் பிஸ்ரன் ஓடும் தூரம் 88.9 மில்லிமீற்றரே. எனினும் பின்னதன் பிஸ்ரன் முன்னதனுள் நுழையாது. சிலிண்டரைக் கடைந்து பெருப்பிக்கலாமே எனின், மூன்று மில்லிமீற்றருக்கு மேல் அகற்றவேண்டும். வழக்கமான திருத்த வேலையிற் கடைவதோ ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் வரையே. அதற்கு மேற் சென்றால் சுவர் மெலியும்.

இரண்டாவது, பிஸ்ரனைத் தாங்கும் ஊசியிலிருந்து அதன் தலைவரை உள்ள உயரமும், தலையின் வடிவமும். இவை மாறினால் அமுக்கம் மாறும். மண்ணெண்ணெய் மிகுந்த அமுக்கத்தைத் தாங்காது. சுடர் வந்தடையுமுன் தானே தீப்பற்றித் தட்டும். நாளடைவில் பிஸ்ரனையே துளைத்துவிடவும் கூடும். அந்த 1489 எஞ்சினுக்குக் கூடிய அமுக்கப் பிஸ்ரன், குறைந்த அமுக்கப் பிஸ்ரன் என இருவகை இருந்தன. விட்டம் ஒன்றென்று எண்ணி இவற்றைக் கலந்து பூட்டுதல் தகாது.

மரம் அரியும் சங்கிலி வாளின் எஞ்சினுக்கு மூன்றாவதொரு பொருத்தமும் வேண்டும். ஈரடி எஞ்சினாகிய அதன் சிலிண்டர்ச் சுவரிலே துவாரங்கள் உள்ளன. அவற்றை மூடித் திறப்பது பிஸ்ரனின் உடலே. ஆதலின் பிஸ்ரனின் நீளமும் வடிவும் அச்சிலிண்டருக்கே உரியனவாயிருத்தல் வேண்டும். ஜேர்மனியின் ஸ்டில் நிறுவனத்து எம்.எஸ். 290 வாளின் விட்டம் 46 மில்லிமீற்றர், எம்.எஸ். 390 இன் விட்டம் 49. ஓடும் தூரம் இரண்டிலும் 34. பின்னதன் சிலிண்டரையும் பிஸ்ரனையும் சோடியாகவே முன்னதில் ஏற்றலாம். பிஸ்ரனை மட்டும் மாற்ற இயலாது. ஏற்றிய பின் காபுரேற்றரையும் சரிசெய்ய வேண்டும். எரிபொருள் போதாதாயின் எஞ்சின் சூடேறி இறுகிவிடும்.

இங்ஙனம் ஆராயுங்கால், நம் திருத்துநர் செய்தது வெறும் ஒட்டு வேலையன்று. அளவையியல் சார்ந்த நுண்பணியே என்பது தெளிவாகும். எதற்கு எது பொருந்தும் என்னும் அவ்வறிவு பெரும்பாலும் ஏட்டில் ஏறவில்லை. முதியோரின் நினைவில் மட்டுமே தங்கியுள்ளது. நம் மாணவர் ஒரு குறிப்பேட்டுடன் அயலிலுள்ள பழைய கராச் ஒன்றுக்குச் சென்று, அங்குள்ள ஐயாமாரிடம் கேட்டு, அளவுகளோடு எழுதிக்கொள்வாராக. அம்முதியோர் நம்மிடையே உள்ளபோதே இது நடைபெற வேண்டும்.