மாமன் மகளும் பூந்தொட்டிகளும்

டார்வின் வீடு - 14

சென்ற வாரம் டார்வின் தன் மகள் ஆனியை மால்வெர்னில் பறிகொடுத்ததோடு நிறுத்தினோம். 1851 ஏப்ரல் 23, பத்து வயது. அப்பா அடக்கத்துக்குக்கூட நிற்காமல் நிறைமாத மனைவி எம்மாவிடம் ஓடினார். மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் இயற்கையியலாளர் வாலஸின் கடிதம் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். கடிதம் வரும். அதற்கு முன் ஒரு கல்யாணத்தைப் பேசி முடிக்க வேண்டியிருக்கிறது.

எம்மா, டார்வினுக்குச் சொந்த மாமன் மகள். டார்வினின் அம்மா சூசன்னாவுடைய தம்பி ஜோசையா வெட்ஜ்வுட்டின் கடைக்குட்டி. பீங்கான் கோப்பைகளில் இன்றும் பெயர் இருக்கிறதே, அதே வெட்ஜ்வுட் குடும்பம். டார்வினின் அக்கா கரோலின் 1837-இல் எம்மாவின் அண்ணனைக் கட்டிக்கொண்டார். 1839 ஜனவரியில் எம்மா இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தார். பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். பெண் மாப்பிள்ளையைவிட ஒன்பது மாதம் மூத்தவர் என்பது ஒன்றுதான் நம் ஊர்ப் பெரியவர்கள் முகத்தைச் சுளிக்கக்கூடிய விஷயம்.

அந்தத் தாய்மாமனைப் பற்றிச் சொல்லாமல் தாண்டிப்போக மனம் வரவில்லை. 1831-இல் பீகிள் கப்பலுக்கு அழைப்பு வந்தபோது, டார்வினின் அப்பா முடியாது என்றார். பாதிரியாராகப் போகிறவனுக்கு இது அழகா, வேறு யாரையும் கேட்டுக் கிடைக்காமல்தானே உன்னிடம் வந்திருப்பார்கள் என்று எட்டு ஆட்சேபங்கள். விவரம் தெரிந்த ஒரு மனிதராவது போகலாம் என்று சொன்னால் அனுப்புகிறேன் என்று ஒரு கதவை மட்டும் திறந்துவைத்தார். பையன் வரவில்லை என்று கடிதம் எழுதிவிட்டு, கவுதாரி சுட மாமன் வீட்டுக்குப் போய்விட்டான். மாமன் உட்கார்ந்து எட்டு ஆட்சேபத்துக்கும் வரிசையாகப் பதில் எழுதினார். எழுதியும் மனம் ஆறாமல், மறுநாள் வேட்டைக்குப் போனவனைக் கூப்பிட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு, முப்பது மைல் தள்ளி இருந்த மைத்துனர் வீட்டுக்கே போய் நின்றார். அப்பா இறங்கிவந்தார். அந்த வண்டி கிளம்பாமல் இருந்திருந்தால் இந்தத் தொடரும் இல்லை.

மாமன் செய்த உபகாரம் பெரியது. ஆனால் மாமன் மகளைக் கட்டியதுதான் பின்னாளில் டார்வினின் மனத்தை அரித்தது.

பத்துப் பிள்ளைகளில் மூவர் சிறு வயதிலேயே போனார்கள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் அது அதிசயமில்லை. பிள்ளையை இழக்காத வீடுதான் அபூர்வம். டார்வினின் கதை வேறு. தன் உடம்பையே அவர் நம்பவில்லை. வாந்தி, படபடப்பு, தோலில் தடிப்பு, விருந்தாளி வந்து போனால் இரண்டு நாள் படுக்கை. என்ன நோய் என்று இன்றுவரை மருத்துவர்கள் அடித்துக்கொள்கிறார்கள். இது ரத்தத்தில் வருவது, பிள்ளைகளுக்கும் இறங்கும் என்பது அவர் முடிவு. ஆனி போன பிறகு அந்தப் பயம் வீட்டோடு தங்கிவிட்டது. ஒரு பிள்ளைக்கு வயிறு வலித்தால் தன் வயிறே அங்கே போய் உட்கார்ந்துகொண்டதாக நினைத்தார். பரம்பரை நோய்தான் தன்னை உலுக்கும் பூதம் என்று நண்பர் ஃபாக்ஸுக்கு எழுதிய கடிதங்களில் திரும்பத் திரும்பப் புலம்புகிறார். உறவில் கட்டியதால் அந்த விஷம் இரட்டிப்பாகிவிட்டதோ என்பதுதான் அடுத்த சந்தேகம்.

ஆனியைக் கொண்டுபோனது காசநோயாக இருக்கலாம் என்று இன்று பலர் கருதுகிறார்கள். காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாக ராபர்ட் கோக் பெர்லினில் அறிவித்தது 1882 மார்ச் 24. டார்வின் கண்ணை மூடியது ஏப்ரல் 19. இருபத்தாறு நாள்! முப்பது வருஷம் தன் ரத்தத்தையே கூண்டில் ஏற்றி வைத்திருந்த மனிதருக்கு இன்னொரு குற்றவாளியின் பெயர் காதில் விழ அவ்வளவுதான் அவகாசம் இருந்தது.

பயம் சிலரைக் கோயிலுக்கு அனுப்பும், சிலரைச் சாராயத்துக்கு. டார்வினைக் கண்ணாடி வீட்டுக்குள் அனுப்பியது. ஒரே செடியின் மகரந்தத்தை அதற்கே தடவி ஒரு விதை, வேறு செடியின் மகரந்தத்தைத் தடவி ஒரு விதை. இரண்டையும் ஈர மணலில் போட்டு, ஒரே சமயத்தில் முளைவிட்ட ஜோடியாகப் பார்த்து எடுத்து, ஒரே தொட்டியின் இரு ஓரத்தில், நடுவே ஒரு தடுப்பு வைத்து நடுவார். அதே மண், அதே தண்ணீர், அதே வெயில். வளர்ந்ததும் அளவுகோலோடு வந்து நிற்பார். தேனீ புகுந்து கணக்கைக் கெடுக்காமல் இருக்க வலை. இப்படிப் பதினோரு வருஷம். ஐபோமியா என்ற கொடியைப் பத்துத் தலைமுறை வரை தொடர்ந்தார். கலந்து பிறந்தது நூறு உயரம் என்றால், தன்னில் தானே பிறந்தது சராசரி 77. இதெல்லாம் 1876-இல் புத்தகமாக வந்தது. தாவரவியல் புத்தகம்தான். ஒரு தகப்பனின் கேள்வி அதன் அடியில் ஓடுகிறது என்பது என் கட்சி. ஆய்வாளர்கள் சிலரும் இந்தப் பக்கம்தான்.

ஆறாவது தலைமுறையில் ஒரு வேடிக்கை. தன்னில் தானே பிறந்த செடி ஒன்று, எதிர் ஓரத்துச் செடியைக் கொஞ்சம் போல முந்திவிட்டது. டார்வின் அதற்கு ‘ஹீரோ’ என்று பெயர் வைத்தார். அதோடு விடவில்லை. அதன் பிள்ளை, பேரன் வரை தனியாக வளர்த்து அளந்தார். அவையும் தெம்பாகவே வளர்ந்தன. அந்தப் பக்கங்களில் மட்டும் அவர் எழுத்தில் ஒரு துள்ளல் தெரிகிறது.

செடி போதாது என்று மனிதரையும் எண்ணப் பார்த்தார். 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், உறவில் கல்யாணமா என்று ஒரு கேள்வியைச் சேர்க்கும்படி பக்கத்து வீட்டு எம்.பி. ஜான் லப்பக்கைப் பிடித்தார். நாடாளுமன்றம் எள்ளி நகையாடித் தள்ளிவிட்டது. 1871-இல் வந்த புத்தகத்திலேயே அந்த உறுப்பினர்களை அறிவிலிகள் என்று குத்திவிட்டார். சாது மிரண்டது அபூர்வம்.

அப்பா விட்ட இடத்தில் மகன் ஜார்ஜ் பிடித்துக்கொண்டார். இந்த வாரம் என்னை மேசையை விட்டு எழவிடாத ஆள் இவர்தான். உறவுக் கல்யாணத்தில் பிறந்த பிள்ளை ஒருவர், உறவுக் கல்யாணத்தில் பிறந்தவர்கள் உருப்படுவார்களா என்று எண்ணக் கிளம்புகிறார்! பத்திரிகைத் திருமண அறிவிப்புகளில் மணமக்கள் இருவருக்கும் ஒரே குடும்பப்பெயர் வருவதை எண்ணினார். பிரபு வம்சங்களின் வம்சாவளிப் புத்தகத்தைக் குடைந்தார். மனநோய் விடுதிகளுக்குக் கடிதம் போட்டு, உங்களிடம் இருப்பவர்களில் எத்தனை பேரின் பெற்றோர் உறவுக்காரர்கள் என்று கேட்டார். அங்கே அப்படி ஒன்றும் கூடுதல் இல்லை. அப்புறம் வந்த யோசனைதான் பிரமாதம். நோயாளிகளை எண்ணியாயிற்று, கட்டுமஸ்தானவர்களை எண்ணினால் என்ன? ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் படகு அணிகளில் துடுப்புப் போட்ட வாலிபர்களின் பெற்றோர் உறவா என்று விசாரித்தார். அவர்களிடையே விகிதம் சற்றே குறைவு, அவ்வளவுதான். 1875-இல் ஜார்ஜ் எழுதிய முடிவு: கெடுதல் இருக்கலாம், ஆனால் பயந்த அளவுக்கு இல்லை.

இன்றைய மரபியலும் கிட்டத்தட்ட அங்கேதான் நிற்கிறது. எந்தக் குழந்தைக்கும் நூற்றுக்கு இரண்டு மூன்று என்றிருக்கும் பிறவிக் கோளாறு வாய்ப்பு, மாமன் மகள், அத்தை மகள் கல்யாணத்தில் இன்னும் இரண்டு மூன்று கூடும். தலைமுறை தலைமுறையாக உறவிலேயே கட்டினால் இன்னும் ஏறும். நம் மகப்பேறு மருத்துவர்கள் “சொந்தத்துல கட்டினதாம்மா?” என்று முதல் நாளே கேட்பது அதனால்தான்.

டார்வின் பிள்ளைகளில் ஜார்ஜ், ஃபிரான்சிஸ், ஹொரேஸ் மூவரும் ராயல் சொசைட்டி உறுப்பினர்கள் ஆனார்கள். லியோனார்டு 93 வயது வரை இருந்தார். அப்பாவின் பயம் மட்டும் குறைந்ததாகத் தெரியவில்லை.

இடம் தீர்ந்துவிட்டது, ஆசிரியர் இரண்டு முறை ஆளனுப்பிவிட்டார். வாலஸ் அடுத்த வாரம், இந்த முறை நிச்சயம். 1858 ஜூனில் டெர்னேட் தீவிலிருந்து அந்தக் கடிதம் வந்தபோது, டார்வின் வீட்டில் ஒன்றரை வயதுக் கைக்குழந்தைக்குச் செங்காய்ச்சல் கண்டது. எழுதியவரும் தன் தம்பியைப் பிரேசிலில் மஞ்சள் காய்ச்சலுக்குக் கொடுத்தவர்தான்.

(தொடரும்)